எருமையின் இனப்பெருக்கமும் வயலின் பசளைத் தேவையும்

நெற்செய்கையும் காய்கறிச் செய்கையும் நீடித்து நிலைபெற வேண்டுமாயின், பயிர் மண்ணிலிருந்து எடுத்துச் செல்லும் போசணைப் பொருள்கள் மீண்டும் மண்ணைச் சேர வேண்டும். இது கமக்காரர் எல்லாரும் அறிந்த உண்மையே. அவ்வாறு சேர்ப்பதற்கு இரு வழிகள் உள. ஒன்று, தொழிற்சாலையில் ஆக்கப்பட்ட இரசாயனப் பசளையை விலைகொடுத்து வாங்கி இடுதல். மற்றையது, வைக்கோல், குழை, சாணம், சிறுநீர் ஆகிய சேதனப் பொருள்களை நிலத்துக்குத் திருப்புதல். இரண்டாவது வழிக்கு உயிர்நாடியாய் அமைவது கால்நடையாகும். உலர்வலய நெல்நிலங்களைப் பொறுத்தவரையில் அக்கால்நடைகளுள் எருமைக்கு முக்கிய இடம் உண்டு.

எருவின் பெருமையைப் பற்றிப் பலவாறு கூறப்படுகின்றது. எருமையின் இனப்பெருக்கத்தைப் பற்றியும் தனியே கூறப்படுகின்றது. ஆயின் இவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. எரு எவ்வளவு கிடைக்கும் என்பது பட்டியின் அளவைப் பொறுத்தது. பட்டியின் அளவோ, பெண்ணெருமை எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை கன்று ஈனுகின்றது, ஈன்ற கன்றுகளுள் எத்தனை பிழைக்கின்றன என்பவற்றைப் பொறுத்தது. ஆகவே, சேதனப் பசளையை விரும்பும் கமக்காரரும், அதனை ஊக்கப்படுத்த விரும்பும் அரசும், எருமையின் உடற்றொழிலை ஓரளவேனும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

2021 ஆம் ஆண்டு உணர்த்திய பாடம்

இலங்கையில் இரசாயனப் பசளைக்கான மானியம் 1962 ஆம் ஆண்டிலே தொடங்கியது. குறுகிய வைக்கோலும் மிகுந்த விளைச்சலும் உடைய புதிய நெல்லினங்கள் பரவியபோது, அவ்வினங்களுக்கு வேண்டிய நைதரசனை யூரியா இலகுவாகக் கொடுத்தது. 2005 ஆம் ஆண்டின் பின்னர் நெற்செய்கையாளருக்கு 50 கிலோகிராம் மூடை 350 ரூபாவுக்கு வழங்கப்பட்டது. 2016 இல் அம்முறை மாற்றப்பட்டுப் பணமாக உதவி வழங்கப்பட்டது. இக்காலத்திலே பயிரின் தேவைக்கு மிஞ்சிப் பசளை இடும் பழக்கம் சிலவிடங்களிற் பரவியது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில், செறிந்த தோட்டச் செய்கை நடைபெறும் இடங்களிலுள்ள கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவுமீறிச் சேர்ந்திருத்தல் ஆராய்ச்சிகளால் வெளிப்பட்டது.

2021 ஆம் ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை, பீடைநாசினி ஆகியவற்றின் இறக்குமதி வர்த்தமானி மூலம் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் மாதத்திலே தடை தளர்த்தப்பட்டதாயினும், 2021/22 பெரும்போகத்துக்கு வேண்டிய பசளை உரிய வேளையிற் கிடைக்கவில்லை. அப்போகத்தின் நெல் விளைச்சல் முந்திய பெரும்போகத்தினும் மூன்றிலொரு பங்குக்கு மேலாகக் குறைந்தது. வெளிநாட்டிலிருந்து அரிசியை இறக்குமதி செய்யவேண்டி நேர்ந்தது.

இதிலிருந்து சேதனப் பசளை பயனற்றது என முடிவு செய்தல் தவறாகும். சேதனப் பசளையின் தேவையை ஒரே போகத்தில் ஈடுசெய்யக்கூடிய கால்நடைகளோ குழையோ நாட்டில் இருக்கவில்லை என்பதே அதன் பொருளாகும். இதனைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஓர் ஏக்கருக்குரிய கணக்கு

நெற்பயிர் ஒரு தொன் நெல்லை விளைவிப்பதற்கு ஏறத்தாழ 15 முதல் 20 கிலோகிராம் வரை நைதரசனை உள்ளெடுக்கின்றது. ஏக்கருக்கு இரண்டு தொன் நெல் விளையுமாயின், பயிர் எடுக்கும் நைதரசன் 30 முதல் 40 கிலோகிராம் ஆகும். இதில் ஒரு பகுதியை மண்ணும் நீரும் தாமாகவே கொடுக்கின்றன. எஞ்சியதை நாமே கொடுத்தல் வேண்டும்.

யூரியாவின் நூறு பங்கில் 46 பங்கு நைதரசனாகும். ஈரமுள்ள பச்சைச் சாணத்திலோ நூற்றுக்கு அரைப் பங்கு அளவே நைதரசன் உண்டு. ஆதலால், 40 கிலோகிராம் நைதரசனைச் சாணத்தினால் மட்டும் கொடுப்பதாயின் 8,000 கிலோகிராம் சாணம் வேண்டும். அதிலும், சாணத்திலுள்ள நைதரசன் முழுவதும் முதற்போகத்திலேயே பயிருக்குக் கிடைப்பதில்லை. பாதிக்கும் குறைவான பங்கே கிடைக்கும். மீதி மண்ணிலே தங்கிப் பின்வரும் போகங்களிற் சிறிது சிறிதாக வெளிப்படும்.

வளர்ந்த எருமை ஒன்று நாளொன்றுக்கு 15 கிலோகிராம் சாணமிடுகின்றது எனவும், பகலில் அது மேய்ச்சல் தரையில் நிற்பதால் இராக்காலச் சாணமாகிய 7 கிலோகிராமே பட்டியிற் சேர்கின்றது எனவும் கொள்வோம். ஆண்டு முழுவதும் சேர்வது ஏறத்தாழ 2,500 கிலோகிராமாகும். ஆகவே 8,000 கிலோகிராம் சாணத்துக்கு மூன்று எருமைகள் ஓராண்டு முழுவதும் பட்டியில் நிற்றல் வேண்டும். பயிருக்கு உடனே கிடைக்கும் பங்கை மட்டும் கணக்கிலெடுத்தால், ஆறு எருமைகளேனும் வேண்டும். இஃது ஓர் ஏக்கருக்கு, ஒரு போகத்துக்கு மட்டுமே உரிய கணக்கு. ஐந்து ஏக்கர் வயலும் இரண்டு எருமைகளும் உடைய ஒருவர் சாணத்தை மட்டும் நம்பிப் பழைய விளைச்சலைப் பெறுதல் இயலாது என்பது இதனால் விளங்கும்.

சாணத்தின் பயன் நைதரசனோடு முடிவதில்லை. அது பொசுபரசு, பொற்றாசியம், கந்தகம், நாகம் முதலியவற்றையும் கொடுக்கின்றது. மணல் நிலம் நீரைத் தாங்கி நிற்கவும், களி நிலம் இளகிக் காற்றோட்டம் பெறவும் உதவுகின்றது. எனவேதான் சேதனப் பசளையையும் இரசாயனப் பசளையையும் அளவறிந்து சேர்த்து இடுவதே தகுந்த முறை என ஆராய்ச்சியாளர் கொள்கின்றனர்.

எருவை ஆணையிட்டுப் பெறுதல் இயலாது

பசளை மூடையைக் கப்பலில் வருவித்தல் சில கிழமைகளில் முடியும் காரியமாகும். பட்டியைப் பெருக்குதல் அவ்வாறன்று. இன்று பிறக்கும் நாகுகன்று பருவமடைந்து, சினைப்பட்டு, முதற்கன்றை ஈனுவதற்கு, கிராமங்களில் உள்ள மேய்ச்சல் நிலைமையில் நான்கு ஆண்டுகள் வரையோ அதற்கு மேலோ செல்லும். நன்கு ஊட்டி வளர்க்கப்படும் நாகு இதனினும் முன்னரே ஈனும். எனினும் மூன்று ஆண்டுகளுக்குக் குறைவாக எதிர்பார்த்தல் அரிது.

சேதனப் பசளையை நாட்டிற் பெருக்கும் திட்டம் எதுவாயினும், அது பெண்ணெருமையின் இக்காலக்கணக்கை ஏற்றே நடத்தல் வேண்டும். ஒரு போகத்துக்கோ ஓர் ஆண்டுக்கோ வகுக்கும் திட்டத்தினால் பட்டி பெருகாது. எட்டு முதல் பத்து ஆண்டுகளை நோக்கி வகுக்கப்படும் திட்டத்தினாலேயே பயன் விளையும். கமக்காரர் தம் பட்டிக்கு வகுக்கும் திட்டத்துக்கும் இதுவே பொருந்தும்.

ஈனும் இடைவெளியே பட்டியின் அளவுகோல்

ஒரு கன்று ஈன்றதிலிருந்து அடுத்த கன்று ஈனும் வரையுள்ள காலம் ஈனும் இடைவெளி எனப்படும். எருமையின் சினைக்காலம் ஏறத்தாழ 310 நாள்கள். ஈன்று நான்கு மாதங்களுக்குள் மீண்டும் சினைப்படும் எருமை, 14 மாதங்களுக்கு ஒருமுறை கன்று தரும். மீண்டும் சினைப்பட ஓராண்டு செல்லுமாயின், இடைவெளி 22 மாதங்களாக நீளும்.

பத்தாண்டு ஈனக்கூடிய இரண்டு எருமைகளை ஒப்பிடுவோம். முதலாவது எருமை எட்டுக் கன்றுகளை ஈனும். இரண்டாவது ஐந்து கன்றுகளையே ஈனும். கன்றுகளிற் பாதி நாம்பன் எனக் கொண்டால், முதலாவதன் வழி நான்கு நாகுகள் கிடைக்கும். இரண்டாவதன் வழி இரண்டு அல்லது மூன்று நாகுகளே கிடைக்கும். அவற்றுள் ஒன்று குடற்புழுவினாலோ வேறு நோயினாலோ இறந்துபோனால், தாயின் இடத்தை நிரப்புவதற்கு ஒன்றுதான் எஞ்சும். பட்டி பெருகாமல் நிற்பதற்கும், ஓரிரு ஆண்டு வரட்சியினாற் குன்றிப் போவதற்கும் இதுவே காரணமாகும்.

நம் நாட்டு எருமை

உலகிலுள்ள வளர்ப்பெருமைகளை ஆற்றெருமை, சேற்றெருமை என இருவகையாகப் பிரிப்பர். ஆற்றெருமையின் உயிர்க்கலத்தில் 50 நிறமூர்த்தங்களும், சேற்றெருமையின் உயிர்க்கலத்தில் 48 நிறமூர்த்தங்களும் உள. நம் நாட்டு எருமை உடலமைப்பினாலும் சேற்றில் உழைக்கும் பழக்கத்தினாலும் சேற்றெருமையை ஒத்திருப்பதால், அது அவ்வினத்தைச் சேர்ந்ததென முன்னர் எண்ணப்பட்டது. நிறமூர்த்தங்களை எண்ணிப் பார்த்தபோது அவை 50 எனக் காணப்பட்டன. ஆகவே நம் நாட்டு எருமை ஆற்றெருமையின் குடியைச் சேர்ந்ததாகும். இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட முறா, சூர்த்தி இனங்களும், பாகிஸ்தானிலிருந்து கொண்டுவரப்பட்ட நீலி-ராவி இனமும் ஆற்றெருமைகளே. இக்காரணத்தால் அவ்வினங்களுடன் நம் நாட்டு எருமையைக் கலப்பதில் நிறமூர்த்த வேறுபாட்டினால் வரும் இடர் இல்லை. பால் வேண்டுவோர் கலப்பினத்தை விரும்பலாம். ஆயின் கலப்பினத்துக்குத் தீன் அதிகம் வேண்டும். வறண்ட தரவையில் மேய்ந்து, குறைந்த தீனில் உயிர்தரிக்கும் ஆற்றல் நம் நாட்டு எருமைக்கே உரியது.

வேட்கையை அறிதல்

பெண்விலங்கு ஆணை ஏற்கும் காலம் வேட்கைக்காலம் எனப்படும். எருமைக்கு வேட்கை 21 நாள்களுக்கு ஒருமுறை வருகின்றது. இதனைப் பெண்குதிரையுடன் ஒப்பிட்டு நோக்கினால் எருமையின் தன்மை தெளிவாகும்.

பெண்குதிரைக்கும் வேட்கைச் சக்கரம் 21 அல்லது 22 நாள்களே. ஆனால் குதிரையின் வேட்கை ஐந்து முதல் ஏழு நாள்கள் வரை நீடிக்கும். வேட்கை முடிவதற்கு ஓரிரு நாள்கள் முன்னரே முட்டை வெளிப்படும். எருமையின் வேட்கையோ பெரும்பாலும் 12 முதல் 24 மணித்தியாலங்களுக்குள் முடிந்துவிடும். வேட்கை முடிந்து ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலங்கள் சென்ற பின்னரே முட்டை வெளிப்படும். குதிரையை வளர்ப்பவர் ஒருநாட் கவனக்குறைவை மறுநாள் ஈடுசெய்யலாம். எருமையை வளர்ப்பவர் ஓர் இரவைத் தவறவிட்டால் மேலும் 21 நாள்கள் காத்திருத்தல் வேண்டும்.

பருவகாலத்திலும் இவை மாறுபட்டவை. பகற்பொழுது நீளும் காலத்திற் குதிரைக்கு வேட்கை வரும். 11 மாதச் சினையின் பின் அடுத்த வசந்தத்திலே குட்டி பிறக்கும். எருமையோ பகற்பொழுது குறுகும் காலத்தில் நன்கு சினைப்படும் இயல்புடையது. குளிர்நாடுகளில் இவ்வேறுபாடு மிகத் தெளிவாகத் தோன்றும். நம் நாட்டில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒரு மணித்தியாலமளவே ஆதலால், பகற்பொழுதினும் மழையும் புல்லுமே எருமையின் சினையைப் பெரிதும் ஆளுகின்றன. பருவமழை பெய்து புல் செழித்த பின்னர் எருமைகள் சினைப்படுதல் பட்டிக்காரர் கண்ட உண்மையாகும். தை மாத முற்பகுதியிற் சினைப்படும் எருமை கார்த்திகையிலே ஈனும். அப்போது புதுப்புல் முளைத்திருக்கும். தாய்க்குப் பாலும் ஊறும். ஆயின் வயல்களிற் பெரும்போகப் பயிர் நிற்கும் காலமும் அதுவே. ஆதலால் மேட்டுநிலத்தில் மேய்ச்சலும், மழை ஒழுகாத கொட்டிலும் முன்கூட்டியே ஆயத்தம் செய்யப்படல் வேண்டும்.

பசுக்கள் வேட்கையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். எருமைகளில் இக்குறி அருமையாகவே தோன்றும். கத்துதலும் குறைவு. இதனால் எருமையின் வேட்கையை ஊமை வேட்கை என்பர். கீழ்வரும் குறிகளைக் கூர்ந்து அவதானித்தல் வேண்டும்.

1. யோனிவாய் சற்றே வீங்கிச் சிவந்திருத்தல்.
2. கண்ணாடி போன்ற தெளிந்த சளி வடிதல். எருமை படுத்திருக்கும்போது இது நன்கு புலப்படும்.
3. அடிக்கடி சிறிது சிறிதாகச் சிறுநீர் கழித்தல்.
4. வாலைச் சற்றே உயர்த்திக்கொண்டு அமைதியின்றி நிற்றல்; தீனிற் கருத்தின்மை.
5. பாற்குறைவு.
6. கடா பின்தொடர்ந்து மோப்பம் பிடித்தல். எல்லாவற்றினும் நம்பத்தக்க குறி இதுவே.

வெயில் தணிந்த வேளையிலேயே இக்குறிகள் மிகுதியாகத் தோன்றும். ஆகவே விடியற்காலையிலும், மாலை மங்கும் நேரத்திலும், படுக்கைக்குப் போகுமுன்பும் பட்டியைச் சுற்றிப் பார்த்தல் நன்று. வேட்கை கண்ட நாளை நாட்காட்டியிலே குறித்து வைத்தல் வேண்டும். 18 ஆம் நாள் தொடக்கம் மீண்டும் கவனித்தால், அடுத்த வேட்கை தப்பாது.

சினைப்படுத்தும் நேரம்

முட்டை வேட்கையின் பின்னரே வெளிப்படுவதால், செயற்கைமுறைச் சினைப்படுத்தலை வேட்கையின் பிற்பகுதியிற் செய்தல் வேண்டும். காலையில் வேட்கை கண்டால் அன்று மாலையிலும், மாலையிற் கண்டால் மறுநாட் காலையிலும் செய்வித்தல் முறையாகும். குறி கண்டவுடனே கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவித்தலே இதற்கு வழி. மறுநாள் அறிவித்தாற் காலங் கடந்துவிடும். சினைப்படுத்தி 21 நாள்களில் வேட்கை மீளாவிடின் சினை எனக் கருதலாம். ஆயினும் ஊமை வேட்கை இருத்தல் கூடுமாதலால், இரண்டு மாதம் சென்றபின் கால்நடை வைத்திய அதிகாரியைக் கொண்டு சோதித்து உறுதிசெய்தல் வேண்டும்.

கடாவை விட்டுச் சினைப்படுத்துவோர் ஒரு காரியத்தை மறத்தலாகாது. ஒரு பட்டியில் ஒரே கடா நெடுங்காலம் நின்றால், அது தன் சொந்த மகள்களையே சினைப்படுத்தும். அதனால் வளர்ச்சி குன்றிய கன்றுகள் பிறக்கும். கடாவின் நாகுகள் பருவமடையுமுன், அதாவது மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை, அயற்பட்டியின் கடாவுடன் மாற்றிக்கொள்ளுதல் நன்று. இதற்குப் பணச்செலவு இல்லை. பட்டிக்காரரிடை உடன்பாடு மட்டுமே வேண்டும்.

சினைப்படாமைக்குரிய காரணங்கள்

முதலாவது காரணம் தீன்குறைவு. ஈன்றபின் உடல் மெலிந்த எருமைக்குச் சூலகம் தொழிற்படாது. விலாவெலும்புகள் தெளிவாகத் தோன்றும் நிலையில் உள்ள எருமையிடம் வேட்கையை எதிர்பார்த்தல் வீண். சினையின் கடைசி மூன்று மாதங்களில் நன்கு தீன் கொடுக்கப்பட்ட எருமையே ஈன்றபின் விரைவில் வேட்கைக்கு வரும்.

இரண்டாவது காரணம் கன்று ஓயாது குடித்தல். கன்று இரவும் பகலும் தாயுடன் நின்று முலையை ஊட்டும்போது, தாயின் மூளையிலிருந்து சூலகத்தைத் தூண்டும் ஓமோன்கள் தடைப்படுகின்றன. பேராதனையில் எருமைப்பாலிலுள்ள புரொஜெஸ்தரோன் என்னும் ஓமோனை அளந்து நடத்திய ஆராய்ச்சிகள் சூலகம் மீண்டும் தொழிற்படும் காலத்தை அறிய உதவின. கன்றைப் பிரித்துக் கட்டி, காலையும் மாலையும் மட்டும் ஊட்டவிடும் பட்டிகளில் வேட்கை முந்துகின்றது. கன்றின் வயிறு நிரம்புமாறு பால் விடப்படல் வேண்டும். பாலை முழுவதும் கறந்துகொண்டு கன்றை வாடவிடுபவர், வருங்கால எருமையையும் வருங்கால எருவையும் இழக்கின்றார்.

மூன்றாவது காரணம் வெப்பம். எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் பசுவினும் மிகக் குறைவு. கரிய தோல் வெயிலை எளிதில் ஏற்கும். நிழலும், நீரிற் படுத்தெழும் மடுவும் இல்லாவிடின் உடற்சூடு மிகுந்து வேட்கை மறையும். குளத்தங்கரை மரங்களை வெட்டுவதும், எருமை மடுக்களை மூடுவதும் பட்டியின் இனப்பெருக்கத்தையே கெடுக்கும் செயல்களாகும்.

நான்காவது காரணம் நோய். கருச்சிதைவு நோய் பட்டியிற் புகுந்தால் சினை பிந்திய மாதங்களிற் கலையும். இந்நோய் மனிதருக்கும் தொற்றும். கலைந்த கருவையும் இளங்கொடியையும் வெறுங்கையாற் றொடாது ஆழப் புதைத்து, உடனே கால்நடை வைத்திய அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். பாலைக் கொதிக்கவைத்தே அருந்துதல் வேண்டும். தொண்டை அடைப்பான் நோய் மழைக்காலத்தில் எருமைகளைப் பெருமளவிற் கொல்லவல்லது. மழை தொடங்குமுன் ஆண்டுதோறும் தடுப்பூசி இடுவித்தல் இதற்குத் தக்க காப்பு ஆகும்.

ஈனலும் கன்றைக் காத்தலும்

ஈனுங்காலம் நெருங்கும்போது எருமையைப் பட்டியிலிருந்து பிரித்து உலர்ந்த இடத்தில் விடுதல் வேண்டும். கன்று பிறந்ததும் மூக்கிலும் வாயிலும் உள்ள சளியை அகற்றி, கொப்பூழ்க்கொடிக்குத் திங்சர் அயடீன் பூசுதல் வேண்டும். பிறந்த சில மணித்தியாலங்களுக்குள் கடும்புப்பால் ஊட்டுதல் இன்றியமையாதது. நோயை எதிர்க்கும் ஆற்றல் தாயிடமிருந்து கன்றுக்கு அப்பால் மூலமே செல்கின்றது. இளங்கொடி 12 மணித்தியாலங்களுக்குள் விழாவிடின் இழுத்து எடுத்தலாகாது. வைத்திய உதவி நாடுதல் வேண்டும்.

எருமைக்கன்றுகளின் பெருஞ்சத்துரு பெரிய உருளைப்புழுவாகும். இதன் இளம்புழுக்கள் தாயின் உடலில் உறங்கிக் கிடந்து, ஈன்றபின் பாலின் வழியே கன்றின் குடலை அடைகின்றன. ஆகவே கொட்டிலைத் துப்புரவாக வைத்திருப்பதால் மட்டும் இதனைத் தடுத்தல் இயலாது. கன்று பிறந்து 10 முதல் 16 நாள்களுக்குள் பைரன்ரல் என்னும் மருந்தை ஒருமுறை கொடுத்தால், குடலிற் சேர்ந்த புழுக்கள் முட்டையிடுமுன்னரே அழியும் என்பது நம் நாட்டு ஆராய்ச்சியாளர் கண்டறிந்த முறையாகும். மருந்தின் அளவைக் கன்றின் நிறைக்கேற்பக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் அறிந்துகொள்க. ஒரு வேளை மருந்தினால் காக்கப்படும் கன்று, நான்கு ஆண்டுகளின் பின் பட்டிக்கு ஓர் எருமையாகும்.

வைக்கோலை எரித்தலாகாது

ஏக்கருக்கு இரண்டு தொன் நெல் விளையும் வயலில் ஏறத்தாழ அதே அளவு வைக்கோலும் கிடைக்கும். அவ்வளவு வைக்கோலில் 10 முதல் 16 கிலோகிராம் நைதரசனும், 24 முதல் 34 கிலோகிராம் பொற்றாசியமும் உள. பயிர் எடுத்த பொற்றாசியத்தின் பெரும்பங்கு நெல்லில் இல்லை, வைக்கோலிலேயே தங்குகின்றது. சூடுமிதித்த களத்தில் அல்லது இயந்திரம் அறுத்த வயலில் வைக்கோலை எரித்தால், நைதரசன் ஏறத்தாழ முழுவதும் புகையாய்ப் போய்விடும்.

வைக்கோலை நேரே வயலில் இடுவதா, எருமைக்குத் தீனாகக் கொடுப்பதா என்னும் ஐயம் எழலாம். மேய்ச்சல் நிலம் நிறைய உள்ளவர் வைக்கோலைப் பரப்பி, விதைப்புக்கு இரண்டு மூன்று கிழமைகளுக்கு முன்னரே உழுது மடித்தல் நன்று. வரட்சிக்காலத்திற் புல் இல்லாதவர் எருமைக்கு ஊட்டிச் சாணமாகத் திருப்புதல் நன்று. இரண்டினாலும் பொருள் நிலத்தையே சேர்கின்றது. எரிப்பதும், ஈடு ஏதும் பெறாது வெளியூருக்கு விற்பதும் மட்டுமே இழப்பாகும்.

வெறும் வைக்கோல் எளிதிற் சீரணமாகாது. அதனைப் பதப்படுத்தும் முறை எளியது. 4 கிலோகிராம் யூரியாவை 100 லீற்றர் நீரிற் கரைத்து, 100 கிலோகிராம் வைக்கோலின்மேல் அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து அமர்த்தி, காற்றுப் புகாதவாறு பொலித்தீன் விரிப்பால் மூடிவைத்தல் வேண்டும். பத்து நாள்களின் பின் எடுத்து, சிறிது நேரம் காற்றாடவிட்டுக் கொடுக்கலாம். யூரியாக் கரைசலை எருமை குடித்தால் நஞ்சாகும். ஆதலால் வாளியைத் திறந்து வைத்தலாகாது. ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுகளுக்கு இத்தீன் கொடுத்தலாகாது. நான்கு கிலோகிராம் யூரியா இவ்வாறு எருமையின் வயிற்றுக்கும், அதன்வழிச் சாணத்துக்கும், பின்னர் வயலுக்கும் பயன்படுகின்றது.

எருவைப் பேணுதல்

பாடுபட்டுப் பெற்ற எருவை மழையிலும் வெயிலிலும் விடுதல் பணத்தை ஆற்றில் எறிதலாகும். விலங்கு வெளியேற்றும் நைதரசனிற் கணிசமான பங்கு சிறுநீரிலேயே உண்டு. அது விரைவில் ஆவியாகும் அல்லது நிலத்தின் கீழ்ச் செல்லும். பட்டியில் வைக்கோலையோ காய்ந்த சருகையோ பரப்பினால், அவை சிறுநீரை உறிஞ்சிக்கொள்ளும். அவற்றைச் சாணத்துடன் சேர்த்து, மேட்டுநிலத்திற் குவித்து, கிடுகினால் அல்லது பொலித்தீன் விரிப்பால் மூடிவைத்தல் வேண்டும். அறுவடை முடிந்த வயலிலோ தோட்டத்திலோ பட்டியை இடம்மாற்றி அடைத்தல், சாணத்தையும் சிறுநீரையும் சுமைகூலியின்றி நிலத்திற் சேர்க்கும் பழைய முறை, அதனைக் கைவிடலாகாது.

காய்கறிச் செய்கையாளருக்கு நெல் வயலினும் எருவின் பயன் அதிகம். மிளகாய், வெங்காயம், கத்தரி ஆகியவற்றின் நிலம் அடிக்கடி கொத்தப்படுவதால் சேதனப் பொருள் விரைவில் அழிகின்றது. எரு குறைவாயின் வேலிப் பூவரசு, கிளிசரிடியா ஆகியவற்றின் குழையைத் தாழ்த்தலாம். கிளிசரிடியா இலையின் உலர்நிறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பங்கு நைதரசன் உண்டு. நன்கு மக்கிய எருவையே காய்கறிக்கு இடுதல் வேண்டும். கிணற்றின் அருகில் எருக்குவியல் வைத்தலாகாது. எருவிலுள்ள நைதரசனும் இரசாயனப் பசளையின் நைதரசனைப் போலவே நைத்திரேற்றாக மாறிக் கிணற்றை அடையக்கூடும். எரு இட்ட நிலத்துக்கு யூரியாவை அதற்கேற்பக் குறைத்தல் நிலத்துக்கும் நீருக்கும் பணப்பைக்கும் நன்மை.

கமக்காரர் அமைப்புகள் செய்யத்தக்கவை

தனிக் கமக்காரர் ஒருவராற் செய்ய இயலாதவை சில உள. மேய்ச்சல் தரவைகளின் எல்லையைப் போகத்துக்கு முன்னரே தீர்மானித்தல், பட்டிகளுக்கும் வயல்களுக்கும் இடையே பாதை விடுதல், கடாக்களை மாற்றிக்கொள்ளும் ஒழுங்கு, மழைக்கு முன் ஒரேநாளில் ஊர் முழுவதற்கும் தடுப்பூசி இடுவித்தல், வைக்கோலைப் பங்கிடல் ஆகியன அவை. போகக் கூட்டத்திலே நீர்திறக்கும் நாளையும் விதைப்பு நாளையும் தீர்மானிப்பது போல, இவற்றையும் தீர்மானித்தல் வேண்டும். வயல் உடையோரும் பட்டி உடையோரும் ஒருவரையொருவர் பகைத்து நிற்கும் ஊரில் எருவும் இல்லை, தயிரும் இல்லை. பயிரழிவு வழக்கே மிஞ்சும்.

தொகுப்பு

1. எருவை மட்டும் நம்பிப் பசளையை ஒரே போகத்தில் நிறுத்தலாகாது. எரு பெருகப் பெருக இரசாயனப் பசளையைப் படிப்படியாகக் குறைத்தல் வேண்டும்.
2. ஒவ்வோர் எருமைக்கும் வேட்கை நாள், சினைப்பட்ட நாள், ஈன்ற நாள் ஆகியவற்றை எழுதிவைத்தல் வேண்டும்.
3. ஈன்று நான்கு மாதங்களுக்குள் மீண்டும் சினைப்படாத எருமையைக் கால்நடை வைத்திய அதிகாரியிடம் காட்டுதல் வேண்டும்.
4. கன்றுக்குக் கடும்புப்பாலும், 10 முதல் 16 நாள்களுக்குள் புழுமருந்தும் தவறாது கொடுத்தல் வேண்டும்.
5. வைக்கோலை எரித்தலாகாது.
6. எருவை மூடிப் பேணுதல் வேண்டும்.

இன்று பட்டியிற் பிறக்கும் நாகுகன்று ஒன்றைக் காப்பாற்றி வளர்ப்பவர், நான்கு ஆண்டுகளின் பின் வரும் பெரும்போகங்களுக்கு இன்றே பசளை சேர்க்கின்றார். மேலதிக விபரங்களை அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்திலும் கால்நடை வைத்திய அலுவலகத்திலும் பெற்றுக்கொள்ளலாம்.